தங்கச் சுரங்கத்தில் சிக்கிய தடங்கள்

தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போகிறவர் எட்டுப் பாகம் ஆழத்துக்கு இறங்கும்போது இரண்டு காதும் அடைக்கும். மேலே தண்ணீரின் பாரம் ஏறுவது உடம்புக்குத் தெரிந்துவிடும். அதே வேளையில் அவர் மீது விழுகிற வேறொன்று பாதிக்கும் கீழே குறைந்துபோகிறது. அது அவருக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள உடம்பில் வழியும் இல்லை. மியூவான் என்ற துகள்களின் மழை அது. துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றுகிறவர், உப்பளத்தில் உப்பு வாருகிறவர், மாடி வீட்டுக்குள் படுத்துத் தூங்குகிறவர் எல்லோர் மீதும் ராப்பகலாகப் பெய்கிறது. கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் நிமிடத்துக்கு ஒன்று, விரித்த உள்ளங்கையில் வினாடிக்கு ஒன்றிரண்டு. கூரை, தளம், லாரியின் இரும்பு எதுவும் அதற்குத் தடையில்லை. கடல் ஓரளவு தடுக்கும். மலை நன்றாகவே தடுக்கும்.

தண்ணீருக்குள் இறங்கினால் இந்தக் கதிர் குறையும் என்று முதலில் அளந்து பார்த்தவர் டொமினிகோ பாசினி என்ற இத்தாலியர். 1911 ஜூனில் லிவோர்னோ கரையோரம் ஒரு மின்காட்டியைச் செம்புப் பெட்டிக்குள் அடைத்து 3 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினார். கடல்மட்டத்தில் காட்டியதைவிட 20 சதவீதம் குறைவாகக் காட்டியது. மண்ணிலிருந்துதான் இந்தக் கதிர் கிளம்புகிறது என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். அப்படியானால் கடலடியில் இவ்வளவு குறைய வேண்டியதில்லை. மேலேயிருந்துதான் ஏதோ வருகிறது என்றார் பாசினி. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறி, உயரப் போகப் போகக் கதிர் கூடுவதைக் காட்டினார். 1936இல் ஹெஸ்ஸுக்கு நோபல் கிடைத்தது. பாசினி அதற்கு இரண்டாண்டு முன்பே காலமாகியிருந்தார். பறந்தவரைத் தெரிந்த அளவுக்கு முங்கிப் பார்த்தவரை உலகத்துக்குத் தெரியாது.

அந்த 1936ஆம் ஆண்டில்தான் கார்ல் ஆண்டர்சனும் சேத் நெடர்மேயரும் மியூவானைக் கண்டுபிடித்தார்கள். விண்வெளியிலிருந்து வேகமாக வரும் புரோட்டான் முதலியவை காற்றின் அணுக்கருக்களில் மோதிச் சிதறும்போது, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் மியூவான்கள் பிறக்கின்றன. எலெக்ட்ரானின் உறவுக்காரர்தான், எடை மட்டும் அதைப்போல 207 மடங்கு. ஆயுள் ஒரு வினாடியின் 10 லட்சத்தில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அந்த நேரத்தில் 660 மீட்டர்தான் கடக்க முடியும். பிறகு எப்படித் தூத்துக்குடிக் கடற்கரை வரை வந்து சேர்கிறது? ஐன்ஸ்டைன் சொன்னபடி, அதிவேகமாக ஓடும் துகளின் கடிகாரம் நம் கணக்கில் மெதுவாக ஓடுவதால் அதன் ஆயுள் நீண்டுவிடுகிறது. இப்படி நீள வேண்டும் என்பதை 1938இலேயே எடுத்துச் சொன்னவர் ஹோமி பாபா.

தென்தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம்தான் கடக்கிறது. இங்கே காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடப்பதால், வெளியிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களில் சோனியானவை இறங்க முடியாமல் திரும்பிவிடுகின்றன. துருவப் பகுதிகளில் சாதாரணமாக நுழையும் துகள்களுக்கு இங்கே அனுமதியில்லை. ஊட்டிக்கு அருகே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வகம் இதனால் பயன்பெறுகிறது. அங்கே நேராக மேலிருந்து வரும் புரோட்டான் காற்றுமண்டலத்தை எட்ட வேண்டுமானால் சுமார் 17 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலாவது வேண்டும்.

கிரேப்ஸ்-3இல் உள்ள மியூவான் தொலைநோக்கியில் கண்ணாடி வில்லை எதுவும் கிடையாது. ஆறு மீட்டர் நீளமுள்ள சதுர இரும்புக் குழாய்கள் 3,712, கான்கிரீட்டுக்கு அடியில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. மொத்தப் பரப்பு 560 சதுர மீட்டர். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் வாயுவும் நடுவே ஒரு மெல்லிய கம்பியும். மியூவான் கடக்கும்போது கம்பியில் ஒரு சிறு மின்துடிப்பு எழும். எந்தெந்தக் குழாய் துடித்தது என்பதைக் கோத்தால் அது வந்த திசை கிடைத்துவிடும். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே ஒரு இடிமேகம் கடந்தபோது, 18 நிமிடம் மியூவான் எண்ணிக்கை 2 சதவீத அளவுக்குக் குறைந்தது. அந்தக் குறைவை வைத்து மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தத்தைக் கணக்கிட்டார்கள்: 130 கோடி வோல்ட். இடிமேகத்தில் நூறு கோடி வோல்ட் வரை சேரலாம் என்று சி.டி.ஆர். வில்சன் 1929இல் சொன்னதற்கு, 2019இல் வெளியான இந்தக் கணக்குதான் நேரடிச் சான்று. பலூனோ விமானமோ மேகத்துக்குள் போனால் ஒரு மூலையைத்தான் தொட முடியும். மியூவான் மேகம் முழுவதையும் ஊடுருவி வந்து கணக்குச் சொன்னது.

துறைமுகத்துக்கு உதவுமா?

இந்தத் துகள் மழையைக் கொண்டு சரக்கைச் சோதிக்கலாம் என்பது 20 ஆண்டுக்கு மேற்பட்ட யோசனை. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார் 2003இல் அதைச் செய்து காட்டினார்கள். மியூவான் ஒரு பொருளைக் கடக்கும்போது கொஞ்சம் திசை மாறும். ஈயம், யுரேனியம் போன்ற கன அணுக்களில் அந்த விலகல் கூடுதல். கன்டெய்னருக்கு மேலும் கீழும் உணர்விகளை வைத்து, உள்ளே போன திசையையும் வெளியே வந்த திசையையும் ஒப்பிட்டால், நடுவில் ஒளித்து வைத்தது எங்கே என்று தெரியும். எக்ஸ்-ரே போல எதையும் நாமாகப் பாய்ச்ச வேண்டியதில்லை. டிரைவர் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கலாம். பஹாமாஸில் ஃப்ரீபோர்ட் துறைமுகத்தில் 2012இல் இப்படி ஒரு கருவியை நிறுவினார்கள்.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கும் இதைக் கொண்டுவரலாமே என்று கேட்கத் தோன்றும். 2021 ஏப்ரலில் இங்கே மரத்தடிகள் வந்த கன்டெய்னரில் 300 கிலோவுக்கு மேல் கொக்கைன் சிக்கியது நினைவிருக்கும். ஆனால் அதைப் பிடிக்க மியூவான் பெரிதாக உதவியிருக்காது. மரமும் கொக்கைனும் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். அணுகுண்டுக்கான யுரேனியத்தைத் தேடுகிறவர்களுக்கே இது சரியான ஆயுதம். மேலும், இயற்கை தருகிற அளவுக்குத்தான் மழை பெய்யும். அவசரம் என்று சொல்லி இரண்டு மடங்காக்க முடியாது. ஒவ்வொரு பெட்டிக்கும் சில நிமிடம் காத்திருந்தாக வேண்டும். துறைமுகத்தில் அந்தச் சில நிமிடங்களுக்கு என்ன விலை என்று கப்பல் ஏஜென்ட் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

வராததே செய்தி

இதுவரை சொன்னதெல்லாம் மியூவானைப் பயன்படுத்துகிறவர்களின் கதை. அதற்கு நேர் எதிரான கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு மியூவான் இரைச்சல். அதைவிடப் பல கோடி மடங்கு அபூர்வமான ஒன்றைத் தேடுகிறார்கள். இந்த மழை ஓயாமல் கருவியைத் தட்டிக்கொண்டே இருந்தால் தேடுவது காதில் விழாது. மியூவானை நிறுத்த ஒரே வழி, மேலே போதுமான பாறையை வைப்பது. பாறையைத் தூக்கி வைக்க முடியாது. நாம்தான் அதற்கு அடியில் போக வேண்டும்.

அப்படிப் போனவர்கள் தேர்ந்த இடம் கோலார் தங்க வயல். கர்நாடகத்தில் இருந்தாலும், வடஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போன தமிழ்த் தொழிலாளர்களின் ஊர் அது. சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அடியில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். பாறை வெடித்து ஆட்கள் இறப்பது அங்கே வழக்கமான செய்தி. அவர்கள் தோண்டிவைத்த குழியைத்தான் விஞ்ஞானம் பிறகு இரவல் வாங்கிக்கொண்டது. ஆய்வுக் கட்டுரைகளில் அந்தத் தொழிலாளிகளைத் தேட வேண்டாம்.

பாபாவின் யோசனைப்படி பி.வி. ஸ்ரீகண்டன் 1951இல் கருவியோடு கோலாரில் இறங்கினார். ஆழம் கூடக்கூட மியூவான் எவ்வளவு குறைகிறது என்பதுதான் அப்போதைய கேள்வி. 1960களின் தொடக்கத்தில் மியாக்கே, நரசிம்மம், ரமண மூர்த்தி மூவரும் இன்னும் கீழே போனார்கள். ஏறத்தாழ 2,760 மீட்டர் ஆழத்தில் இரண்டு மாத அளவுக்குக் கருவி ஓடியது. ஒரு மியூவான்கூட வரவில்லை. வேறு எந்தச் சோதனையிலும் இதைத் தோல்வி என்று எழுதி மூட்டை கட்டியிருப்பார்கள். இவர்களோ துள்ளிக் குதித்தார்கள். மழை முழுக்க நின்றுவிட்ட இடம் கிடைத்துவிட்டது. இனி அங்கே ஏதாவது பதிவானால், அது மேலிருந்து வந்த மியூவானாக இருக்க முடியாது.

காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற துகளைப் பிடிக்கப் புறப்பட்டது அப்படித்தான். எம்.ஜி.கே. மேனன் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஆர்னால்ட் வோல்ஃபெண்டேலின் டர்ஹாம் பல்கலைக்கழகம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்தன. 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளைச் சுவர் போலச் செங்குத்தாக நிறுத்தினார்கள். அதில்தான் சூட்சுமம். செங்குத்தாக இறங்கும் மியூவானுக்குத் தாண்ட வேண்டிய பாறை 2.3 கிலோமீட்டர், பக்கவாட்டில் வருவதற்கோ பல கிலோமீட்டர். எந்த மியூவானாலும் அது முடியாது. எனவே பக்கவாட்டில் ஒரு மியூவான் வந்து கருவியைக் கடந்தால், அது பக்கத்துப் பாறையிலேயே அப்போதுதான் பிறந்திருக்க வேண்டும். பிறப்பித்தது, பூமியையே துளைத்து வரக்கூடிய நியூட்ரினோவாக இருக்க வேண்டும். 1965இல் அப்படிப்பட்ட தடங்கள் கிடைத்தன. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரெட்ரிக் ரைன்ஸின் குழுவும் அதே ஆண்டு அதையே கண்டது. அவர்களுக்குத் தடம் முன்னால் விழுந்தது, கோலார்க்காரர்களின் கட்டுரை முன்னால் வெளிவந்தது. ஆகஸ்ட் மாதத்தில் இரண்டுக்கும் இடையே இரண்டு வாரம்தான்.

ஐந்து புதிர்கள்

கோலாரின் அசல் மர்மம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1970களின் முதல் பாதியில் சில பதிவுகள் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. கருவிக்கும் பாறைச் சுவருக்கும் நடுவே வெறும் காற்று. அந்தக் காற்றில் ஏதோ ஒரு புள்ளியிலிருந்து இரண்டு மூன்று தடங்கள் விரிந்த கோணத்தில் பிரிந்து கருவிக்குள் பாய்ந்திருக்கின்றன. அந்தப் புள்ளிக்கு எதுவும் வந்து சேர்ந்த தடயமில்லை. நியூட்ரினோ மோதியது என்றால் பாறையில் மோத வேண்டும்; இவ்வளவு லேசான காற்றில் மோத வாய்ப்பு ஏறத்தாழ இல்லை. ஏதோ ஒரு புதிய துகள் காற்றிலேயே சிதைந்திருக்கிறது என்று 1975இல் எழுதினார்கள். ஐந்து நிகழ்வுகள். பிற்பாடு இன்னும் சில சேர்ந்தன. 'கோலார் நிகழ்வுகள்' என்று இவற்றுக்குப் பெயர்.

ஐந்தை வைத்து என்ன பேச முடியும் என்று கேட்பவர்கள் முத்துச்சலாபத்தை நினைத்துப் பார்க்கலாம். தொலையிரம் பாரில் முங்கி எடுத்த சிப்பிகளைக் கரையில் குவித்து, அழுக விட்டு, கழுவிப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் காலிச் சிப்பிதான். முத்து ஒன்று கிடைத்தாலும் அது முத்து. ஆனால் முத்தைக் கையில் எடுத்துக் காட்டலாம், வியாபாரி நிறுத்துப் பார்க்கலாம். கோலாரின் தடங்கள் அப்படியல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் துகள்முடுக்கிகளில் அந்தப் புதிய துகளைத் தேடினார்கள்; அகப்படவில்லை. விவகாரம் கோப்பில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஏறத்தாழ 40 ஆண்டு கழித்து அந்தக் கோப்பைத் தூசி தட்டியவர்கள் சென்னைக்காரர்கள். தரமணியில் உள்ள கணித அறிவியல் கழகத்தின் எம்.வி.என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும், கோலாரில் சிதைந்தது கரும்பொருளாக இருக்கலாமே என்று கேட்டார்கள். அவர்கள் கட்டுரை 2014இல் 'பிரமாணா' ஆய்விதழில் வெளிவந்தது.

கரும்பொருள் என்றால் என்ன என்பதை நான்கு வரியில் சொல்லிவிடலாம். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. விண்மீன் கூட்டங்கள் சுழலும் வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் எடை அவற்றைக் கட்டிவைக்கப் போதாது. தெரியாத எடை ஏதோ ஒன்று கூட இருக்கிறது. 1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி இதைச் சொன்னார், 1970களில் வெரா ரூபின் ஆணித்தரமாக்கினார். பிரபஞ்சத்தில் நாம் அறிந்த பொருள் 5 சதவீதம். கரும்பொருள் 27 சதவீத அளவுக்கு. அது ஒளிர்வதில்லை, எதனோடும் எளிதில் மோதுவதும் இல்லை. நம் வீட்டுக்குள்ளும் அது நிறைந்திருக்க வேண்டும்.

மூர்த்தியும் ராஜசேகரனும் சொன்னது இதுதான்: புரோட்டானைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு எடையுள்ள கரும்பொருள் துகள் ஒன்று, பிரபஞ்சத்தின் வயதை நெருங்கும் ஆயுளோடு, எப்போதாவது சிதையக்கூடும். கரும்பொருள் எங்கும் இருப்பதால் சுரங்கக் குகையின் காற்றிலும் அது சிதையலாம். மோதுவதற்குப் பாறை தேவையில்லை. நிகழ்வுகள் ஏன் காற்றில் நடந்தன என்ற முதல் புதிருக்கு இது நேரான விடை.

எனக்கு இதில் தயக்கம் உண்டு. கரும்பொருள் அந்த வேகத்தில் சிதைந்தால், விண்மீன் மண்டலங்களிலிருந்து காமா கதிர் கொட்ட வேண்டும். செயற்கைக்கோள்கள் அளந்து பார்த்ததில் அப்படிக் கொட்டவில்லை. சிதைந்தாலும் அதன் ஆயுள் பிரபஞ்சத்தின் வயதைவிடப் பல கோடி மடங்கு அதிகமாக இருக்க வேண்டும் என்றே பெரும்பாலான கணக்குகள் சொல்கின்றன. ஆனாலும் அந்த ஐந்து நிகழ்வுகள் என்ன என்பதற்கு இன்னும் உறுதியான விடை இல்லை. இதைத் தீர்த்துவைக்க வாதம் உதவாது. ஆழமான குகை ஒன்று, அதன் சுவரெல்லாம் உணர்விகள், பல ஆண்டுப் பொறுமை. இவை இருந்தால் ஆம் இல்லை என்று தெரிந்துவிடும்.

குகைதான் இல்லை. பெரும் ஆழத்தில் தங்கம் எடுப்பது கட்டுப்படியாகாமல் போனதும் கோலாரில் கீழ்நிலைகளைக் கைவிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் ஆய்வும் நின்றது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமே மூடப்பட்டது. பம்புகள் நின்றன, நீர் ஏறியது. இதே காலத்தில் அமெரிக்காவில் சவுத் டகோட்டாவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கமும் மூடப்பட்டது, அங்கேயும் நீர் ஏறியது. அவர்கள் மாநில அரசின் பணமும் ஒரு கொடையாளியின் 7 கோடி டாலரும் போட்டு நீரை இறைத்து வெளியேற்றினார்கள். இன்று அந்தக் குழிக்குள் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், 10 டன் திரவ செனானோடு, உலகின் மிகக் கூர்மையான கரும்பொருள் தேடல்களில் ஒன்று நடக்கிறது. அங்கும் இதுவரை எதுவும் சிக்கவில்லை என்பது வேறு விஷயம்; சிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லவே அந்தக் குழி வேண்டியிருக்கிறது.

பொட்டிப்புரத்தில் நடந்தது

கோலாருக்கு மாற்றாக வந்ததுதான் தேனி மாவட்டத்து நியூட்ரினோ திட்டம். முதலில் நீலகிரியில் சிங்காரா என்றார்கள். முதுமலைப் புலிகளைக் காரணம் காட்டி 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. அடுத்து போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம். 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, மலைக்குள் ஒரு குகை, அதில் சுமார் 50,000 டன் காந்த இரும்பு அடுக்கு, இடையிடையே கண்ணாடித் தகடு உணர்விகள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. நியூட்ரினோதான் முதல் இலக்கு என்றாலும், அந்தக் குகைச் சுவர்களிலும் உணர்விகளைப் பதித்துக் கோலார் நிகழ்வுகளைத் தேடலாம் என்று கணக்குப் போட்டுக் கட்டுரையும் எழுதப்பட்டது.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். வைகோ வழக்குத் தொடுத்தார், பூவுலகின் நண்பர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது, 2018 மார்ச்சில் மத்திய அரசு மறுபடி அனுமதித்தது. 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது.

நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும், அணுக்கழிவைக் கொட்டப் போகிறார்கள் என்று மேடைகளில் பேசியது அறிவியலுக்குப் பொருந்தாது. அந்தக் கருவி எதையும் வெளியிடாது. வருவதைப் பதிவு செய்யும், அவ்வளவே. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் வெடி வைப்பது, மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறுக்கும் இடையே புலிகள் நடமாடும் வழி, தோண்டிய பாறையை எங்கே கொட்டுவது என்பவை உண்மையான கேள்விகள். அவற்றுக்கு விஞ்ஞானிகள் தமிழில், ஊர் மந்தையில் உட்கார்ந்து பதில் சொல்லத் தொடங்கியபோது வெகு தாமதமாகிவிட்டது. மத்திய அனுமதி வந்த இரண்டே மாதத்தில், மே 22 அன்று, ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துத் தூத்துக்குடியில் ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் சுட்டு 13 பேர் உயிர் போனது. பாதுகாப்பானது என்று அரசு சொன்னால் நம்பிவிடுங்கள் என அந்த ஆண்டு தமிழ்நாட்டில் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? ஒரு தாமிர ஆலையும் ஒரு ஆய்வுக்கூடமும் ஒன்றல்ல. கேட்கிற காது மட்டும் ஒன்றுதான்.

இந்தியாவில் ஆழத்து ஆய்வு அடியோடு நின்றுவிடவில்லை. ஜார்கண்டில் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் 2017 செப்டம்பரில் ஒரு சிறு ஆய்வகம் திறந்தார்கள். கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும் திரவத்தில் கரும்பொருள் மோதினால் குமிழி எழுமா என்று அங்கே பார்க்கிறார்கள். ஆனால் கோலாரின் ஆழத்தில் நான்கில் ஒரு பங்குதான் அது.

மதுரையில் நடப்பது வேறொரு வழி. பொட்டிப்புரத்துக்கான இரும்புக் கருவியின் சிறு மாதிரி, 85 டன் எடையில், 2018 முதல் அங்கே ஓடுகிறது. தரைமட்டத்தில் இருப்பதால் மியூவான் மழை அதன் மீது முழுதாகப் பெய்கிறது. அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஒளிர்விப் பட்டைகளால் ஒரு கூடு கட்டி, நுழையும் ஒவ்வொரு மியூவானையும் வாசலிலேயே அடையாளம் கண்டு கணக்கிலிருந்து கழித்துவிடுவது திட்டம். பத்தாயிரத்துக்கு ஒன்றுதான் தப்பலாம். இதன் பின்னால் இருக்கும் கணக்கு எளியது. ஒரு கிலோமீட்டர் மலை மியூவானைப் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைக்கும். நூறு மீட்டர் பாறை நூற்றில் ஒன்றாகத்தான் குறைக்கும்; மீதிப் பத்தாயிரம் மடங்கைக் கூடு பார்த்துக்கொண்டால் இரண்டும் சமம். ஒரு கிலோமீட்டர் பாறைக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் போக வேண்டும். நூறு மீட்டர் பாறையென்றால் தமிழ்நாட்டில் தனியாக நிற்கும் எத்தனையோ குன்றுகள் போதும். மதுரைக் கூடு பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவை எட்டுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து எந்தக் குன்று என்ற பேச்சே எழும்.